பேச்சிராஜாவின் பத்தியம்

உடைக்குளம் பேச்சிராஜாவுக்குக் கோவில்பட்டி வட்டாரத்தில் இருந்த பேர் சாதாரணப் பேர் இல்லை. கயத்தாற்றில் பஸ் ஏறி, "தொக்கம் எடுக்கிற ஊருக்கு ஒரு டிக்கெட்" என்று கேட்டால் கண்டக்டர் மறுபேச்சு பேசாமல் உடைக்குளத்துக்குக் கிழித்துக் கொடுப்பார். வயிற்றால் போகிற பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள்தான் காலை பஸ்ஸில் பாதிக் கூட்டம். மீதிப் பாதி, அவர்கள் பக்கத்தில் உட்காராமல் நின்றுகொண்டே வருகிற கூட்டம்.

தொக்கம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளை எதையோ தின்றது. அது செரிக்காமல் குடலில் எங்கேயோ ஒட்டிக்கொண்டது. வாந்தி, பேதி, காய்ச்சல், சிணுங்கல் எல்லாமே அதனால்தான். இப்படி ஒரு நம்பிக்கை. ஒட்டிக்கொண்டதை வெளியே எடுத்துவிட்டால் பிள்ளை தேறிவிடும். எடுக்கிறவர் பிள்ளையின் வயிற்றில் ஒரு பித்தளைக் குழலை வைத்து, மறுமுனையில் வாயை வைத்து, கன்னம் குழிய உறிஞ்சுவார். உறிஞ்சி எவர்சில்வர் தட்டில் துப்புவார். தட்டில் ஒரு துண்டு விழும். வயிற்றுத் தோலில் ஓட்டை ஒன்றும் இல்லையே, இந்தத் துண்டு எந்த வழியாக வந்தது என்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருவரும் கேட்டதில்லை. என்ஜினியர் கேட்கவில்லை, வாத்தியார் கேட்கவில்லை. பிள்ளைக்குப் பேதியாகும்போது மனுசனுக்குக் கேள்வி எங்கே வருகிறது?

துண்டு வந்த வழி பேச்சிராஜாவுக்குத் தெரியும். அது முக்கு பலசரக்குக் கடையிலிருந்து வந்தது. அரிசி முறுக்கில் ஒரு விரற்கடை உடைத்து, எச்சிலில் ஊறவிட்டு, கடைவாயில் அடக்கிக்கொண்டுதான் அவர் வெளியே வருவார். "பிள்ள கடைசியா என்ன தின்னுச்சு?" என்று முதலில் கேட்டுவிடுவார். ரஸ்க் என்பார்கள், அதிரசம் என்பார்கள். ஊறிவிட்ட பிறகு முறுக்காவது ரஸ்க்காவது! தட்டில் விழுந்ததைக் குனிந்து பார்த்து, "ஆமா அண்ணாச்சி, ரஸ்க்கேதான்" என்று பெற்றவளே சாட்சி சொல்லிவிடுவாள்.

அவர் ஒன்றும் இந்தத் தொழிலுக்கு ஆசைப்பட்டு வந்தவர் இல்லை. தீப்பெட்டி ஆபீஸில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர். தொக்கம் எடுத்தது அவருடைய அத்தை சீனித்தாய். அத்தைக்குக் காரியம் முடிந்த மறுநாள் காலையில், அழுகிற பிள்ளையோடு ஒரு குடும்பம் வாசலில் நின்றது.

"அத்தை தவறிப் போயிட்டாவ" என்றார் பேச்சிராஜா.

"குழல் இருக்குல்லா?" என்றார்கள்.

குழல் இருந்தது.

"அப்போ நீங்க எடுங்க."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் குழலை வைத்து உறிஞ்சினார். காற்று கூட வரவில்லை. அந்த நேரத்தில் அவர் வாயில் பாதிக் கடலை மிட்டாய் கிடந்தது. பதற்றத்தில் புரையேறி இருமியபோது அரைக் கடலை ஒன்று தட்டில் போய் விழுந்தது. உடனே அந்தத் தாய் கையெடுத்துக் கும்பிட்டாள். "கடலை! பாத்தியளா? வேண்டாம் வேண்டாம்னு சொன்னேன், இவ அப்பாதான் வாங்கிக் குடுத்தாவ!" என்று புருசன் பக்கம் திரும்பி ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். அந்த நிமிசத்தில்தான் பேச்சிராஜாவுக்கு, அத்தை ஏன் எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டே இருந்தாள் என்பது விளங்கியது. அடுத்த வாரமே கடலை மிட்டாயை விட்டுவிட்டு முறுக்குக்கு மாறிக்கொண்டார். மிட்டாய் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு சமயத்துக்கு வர மாட்டேன் என்றது.

ஒரே ஒரு தடவைதான் சறுக்கியது. கோவில்பட்டியில் பாத்திரக்கடை வைத்திருந்த பூவனநாதன் தன் மகனைக் கொண்டுவந்தார். சுத்த சைவக் குடும்பம். மனைவி, மாமியார், கொழுந்தியாள் என்று கார் நிறைய ஆள். அன்றைக்கு மத்தியானம் பேச்சிராஜா வீட்டில் ஆட்டுக்கறி. முறுக்கோடு சேர்ந்து பல்லிடுக்கில் இருந்த கறி நாரும் தட்டில் வந்து விழுந்தது. அது கறி என்று பார்த்த எல்லாருக்கும் தெரிந்தது. மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டாள். இன்றைக்கு அடி உறுதி என்று செருப்பு கிடக்கிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்த பேச்சிராஜாவை, பூவனநாதன் தனியாகக் கொல்லைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"அண்ணாச்சி, உங்க கால்ல விழுதேன். கயத்தாறுல பரோட்டா கடைக்கு வண்டியில கூட்டிட்டுப் போனேன். நான் தின்னும்போது பயலுக்கும் ஒரு துண்டு கறி ஊட்டிட்டேன். வீட்டுல மட்டும் சொல்லிராதீங்க."

பேச்சிராஜா திரும்பி வந்து, "அது கறி இல்ல, சக்கை. பலாப்பழச் சக்கை" என்று அறிவித்தார். மாமியார் நம்பவில்லை, ஆனால் அவள் பார்வை மருமகன்மேல் போனதே தவிர பேச்சிராஜாமேல் வரவில்லை. அதற்குப் பிறகு அவர் பேர் ஓட்டப்பிடாரம் தாண்டிப் போய்விட்டது. தின்றதை மட்டுமல்ல, ஒளித்துத் தின்றதையும் எடுத்துவிடுவார் என்று சனங்கள் சொன்னார்கள்.

இதில் ஒரு விசயம் இருக்கிறது. முறுக்கு பொய் என்று தெரிந்த அந்த மனுசன், பத்தியத்தை மட்டும் மெய்யாகவே நம்பினார். அத்தை சொல்லிவந்த பத்தியம் அது: தொக்கம் எடுத்த பிள்ளைக்குப் பொழுது அடைகிற வரைக்கும் தண்ணீர் காட்டக் கூடாது. "ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்துனா ஒழுகத்தான செய்யும்? ஊத்துறதை நிப்பாட்டு, ஒழுகுறது நிக்கும்" என்பார். கேட்பதற்கு ரொம்ப நியாயமாக இருக்கும். தான் செய்கிறதில் இது ஒன்றுதான் வைத்தியம் என்று அவருக்கு உள்ளூர ஒரு பெருமையே உண்டு. பாதிப் பேர் இங்கே தொக்கம் எடுத்த கையோடு அடுத்த பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கும் போய்விடுவார்கள். பிள்ளை பிழைத்தால் பேர் பேச்சிராஜாவுக்கு.

ஒரு நாள் நாகலாபுரம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். பச்சைச் சேலை. கையில் பிள்ளை, கூட யாரும் இல்லை. பத்தியம் கேட்டுக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பி வந்து, "தண்ணி கேட்டு அழுதா என்ன செய்ய அண்ணாச்சி?" என்றாள்.

"அழட்டும். மனசைக் கல்லாக்கிக்கோ."

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். பிள்ளை தேறினால் தேங்காய் பழத்தோடு வந்து சொல்லிவிட்டுப் போவது வழக்கம். அவள் வரவில்லை. தூரம் அதிகம், வராமல் இருந்திருப்பாள் என்று பேச்சிராஜா நினைத்துக்கொண்டார்.

அவர் வீட்டு முற்றத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பஞ்சாயத்துத் தண்ணீர் என்றைக்கு வரும் என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம் என்பதால், வருகிறபோது பிடித்து வைக்க ஒரு பெரிய நீல டிரம் மூடியில்லாமல் நின்றது. அதில் ஒரு சிவப்பு மக் மிதக்கும். வருகிற பிள்ளைகள் முற்றத்திலேயே கழியும். பெற்றவள் அந்த மக்கில் தண்ணீர் மொண்டு பிள்ளைக்குக் கழுவிவிட்டு, தன் கையையும் அலசிக்கொண்டு, மக்கைத் திரும்ப டிரம்மில் போடுவாள். அடுத்தவள் அதே மக்கில் மொண்டு வாய் கொப்பளிப்பாள். கரிசல் மண் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, வெயிலில் வெடித்துக் கிடக்கும்.

அந்த ஊருக்குச் சுகாதார நர்ஸாக வந்த ஜெயப்பிரியாவுக்கு இந்த முற்றத்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வாசலிலேயே நின்று சத்தம் போடுவாள்.

"அண்ணாச்சி, ஓட்டப்பிடாரத்துக் கிருமியும் கயத்தாத்துக் கிருமியும் உங்க டிரம்முலதான் சம்பந்தம் பேசுது. ஒரு மூடியாவது போடுங்க!"

"கண்ணுக்குத் தெரியாததை எல்லாம் நான் நம்புறதில்ல நர்ஸம்மா" என்பார் பேச்சிராஜா, வாயில் முறுக்கை ஒதுக்கிக்கொண்டே.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அவருக்கும் மாரிசெல்விக்கும் சக்திகுமார் பிறந்தபோது ஜெயப்பிரியா இன்னும் விடாப்பிடியாக அலைந்தாள். பேதிக்கு வாயில் விடுகிற சொட்டு மருந்து, ரோட்டா சொட்டு என்று பேர், சும்மாவே கொடுக்கிறோம், கொண்டுவாருங்கள் என்றாள். அவள் ஸ்கூட்டி சத்தம் கேட்டாலே பேச்சிராஜா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் பருத்திக் காட்டுக்குள் இறங்கிவிடுவார். மாரிசெல்வி சண்டை போட்டாள்.

"ஏட்டி, உனக்கு விளங்குதா? தொக்கக்காரன் மகனே பேதி மருந்துக்கு வரிசையில நின்னா, நாளைக்கு எவன் என் வாசல்ல வந்து நிப்பான்?" என்றார்.

சக்திகுமார் நடை பழகியதும் முதலில் நடந்து போனது அந்த நீல டிரம்மைத்தான் பார்த்து. சிவப்பு மக் என்றால் அவனுக்கு உயிர். சந்தனம் மாதிரி சேற்றை வயிற்றில் பூசிக்கொண்டு, மக்கைக் கவிழ்த்து மிச்சச் சொட்டைக் குடித்துக்கொண்டு, வந்த சனங்களுக்கு நடுவே உலாவுவான். "தொக்கக்காரர் மகன் பாரு, எவ்வளவு தெம்பா இருக்கான்" என்று வந்தவர்கள் மெச்சுவார்கள்.

அந்தத் தெம்பு ஒரு பங்குனி மாசத்தில் முடிந்தது. முந்தின நாளே காய்ச்சலும் வாந்தியும். விடியும்போது கஞ்சித் தண்ணீராகப் போக ஆரம்பித்தது, நிற்கவில்லை. மாரிசெல்வி தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தாள். பேச்சிராஜா டம்ளரை வாங்கி ஓரமாக வைத்தார்.

"தண்ணி காட்டாத. பொழுது அடையட்டும்."

பிள்ளை டம்ளரைப் பார்த்துக் கையை நீட்டி அழுதான். பிறகு அழுகையில் சத்தம் குறைந்தது. மத்தியானம் ஆனபோது கண் இரண்டும் உள்ளே போயிருந்தன. அழுதான், கண்ணீர் வரவில்லை. இதற்குள் முற்றத்தில் வழக்கம்போலக் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"முதல்ல உங்க பிள்ளைக்கு எடுங்க அண்ணாச்சி. நாங்க இருக்கோம்" என்றார்கள் பெரிய மனசோடு.

பேச்சிராஜா பழக்கத்தில் முறுக்கைக் கடைவாயில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். குழலைத் துடைத்தார். பிள்ளையின் வயிற்றில் வைத்தார். வயிறு ஒட்டிக் கிடந்தது. உறிஞ்சத் தொடங்கியபோது சக்திகுமார் கண்ணைத் திறந்து, குழலுக்கு மேலாக அப்பாவைப் பார்த்தான். ஊரில் எல்லாப் பிள்ளையும் அப்படித்தான் பார்த்திருக்கும். அவர்தான் எந்தப் பிள்ளையின் முகத்தையும் பார்த்ததில்லை. மாரிசெல்வி தட்டை நீட்டிக்கொண்டு நின்றாள். முறுக்கு வாங்கிக்கொண்டு வந்தவளே அவள்தான். ஆனாலும் நீட்டினாள்.

பேச்சிராஜா முறுக்கை விழுங்கிவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, வந்துட்டா?"

"வரலை" என்றார். "ஒண்ணும் இல்ல. எதுவும் ஒட்டல."

கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டது. தொக்கக்காரர் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் அந்த முற்றத்தில் விழுந்ததே இல்லை. அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் ரோட்டுக்கு ஓடினார். பின்னாலேயே மாரிசெல்வி, தட்டைக் கையில் பிடித்தபடியே ஓடினாள். பஸ் ஸ்டாப்பில்தான் அதைக் கவனித்து, யார் வீட்டுத் திண்ணையிலோ வைத்தாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிற வழியெல்லாம் ஷேர் ஆட்டோவில் ஒரே கேலி. "தொக்கத்துக்கே தொக்கமா அண்ணாச்சி?" என்றான் டிரைவர். பேச்சிராஜாவுக்குக் கோபம் வரவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு அந்தப் பச்சைச் சேலை ஞாபகம் வந்தது. வந்து சொன்னவர்களைத்தான் இதுவரை எண்ணிக்கொண்டிருந்தோம், வராதவர்களை எண்ணவே இல்லையே என்று தோன்றியது.

டாக்டர் பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். கிள்ளிய மடிப்பு நின்று நிதானமாகத்தான் அமுங்கியது. ஜெயப்பிரியா உப்பு சர்க்கரைப் பொடியை, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கரைத்துக் கொண்டுவந்து, கிண்ணத்தையும் கரண்டியையும் பேச்சிராஜா கையில் கொடுத்தாள்.

"கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துக்கிட்டே இருங்க."

"தண்ணியா? இன்னும் போகுமே நர்ஸம்மா!"

"போகட்டும். போறதுக்கு மேல உள்ள போகணும். உடம்புல இருந்த தண்ணியெல்லாம் வத்திட்டு. பேதியில பிள்ளைக சாகுறது பேதியால இல்ல அண்ணாச்சி, இந்த வறட்சியால. காலையில இருந்து என்ன குடுத்தீங்க?"

மாரிசெல்வி அவருக்காகச் சொன்னாள். "ஒண்ணும் குடுக்கல. இவிய பத்தியம்."

ஜெயப்பிரியா எவ்வளவோ திட்ட வைத்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அதில் பாதியை விழுங்கிக்கொண்டாள். மீதிப் பாதியைச் சொல்லத்தான் செய்தாள்: இது வயிற்றில் ஒட்டின சோறு இல்லை, உயிருள்ள கிருமி, ஒரு பிள்ளை கழிகிற மலத்திலிருந்து கைக்கு, கையிலிருந்து மக்குக்கு, மக்கிலிருந்து அடுத்த பிள்ளை வாய்க்குப் போகிறது, ரத்தமும் சளியுமாகப் போக வைக்கிற கிருமி வேறு, இப்படித் தண்ணீராகப் போக வைக்கிற கிருமி வேறு, இவனுக்கு அநேகமாக ரோட்டாவாக இருக்கும் என்று டாக்டர் சொல்கிறார்.

"அந்தச் சொட்டை இப்போ விடலாமா?" என்றார் பேச்சிராஜா.

"வயசு தாண்டிட்டு. நான் வரும்போதெல்லாம்தான் நீங்க பருத்தி எடுக்கப் போயிருவீங்களே."

முதல் கரண்டிகளை சக்திகுமார் அப்படியே வாந்தி எடுத்தான். சற்றுப் பொறுத்து இன்னும் மெதுவாகக் கொடுக்கச் சொன்னாள். பிறகு தங்கியது. பிள்ளை கரண்டியைப் பல்லால் கடித்துப் பிடித்து உறிஞ்சியதைப் பார்த்தபோது, எவ்வளவு தாகத்தில் கிடந்திருக்கிறான் என்று பேச்சிராஜாவுக்குத் தெரிந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "ஒண்ணுக்குப் போயிட்டான்னா பயமில்ல. சாயங்காலத்துக்குள்ள போகலைன்னா கோவில்பட்டிக்கு அனுப்பி டிரிப் ஏத்தணும்" என்றார்.

அன்றைக்கு மூத்திரத்துக்காகக் காத்திருந்த மாதிரி பேச்சிராஜா மழைக்குக்கூடக் காத்திருந்ததில்லை. ஒரு கரண்டி கொடுப்பார். பிள்ளையின் இடுப்பைத் தடவிப் பார்ப்பார். இன்னொரு கரண்டி, இன்னொரு தடவல். குலசாமிக்குக் கிடா வெட்டுவதாக நேர்ந்தார். கிடா போதாது என்று தோன்றி, மொட்டையும் சேர்த்துக்கொண்டார். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண், "ஸ்ஸ்ஸுனு சத்தம் குடுங்க, போயிருவான்" என்றாள். பேச்சிராஜா கொடுத்தார். உறிஞ்சியே பழகின வாய். ஊதச் சொன்னால் விசில்தான் வந்தது. வார்டே சிரித்தது. ஜெயப்பிரியா எட்டிப் பார்த்து, "யாரு இங்க பஸ்ஸைக் கிளப்புறது?" என்றாள்.

வெயில் ஜன்னலை விட்டு இறங்கின நேரம். சக்திகுமார் அவர் மடியில் கிடந்து கரண்டிக்கு வாயைத் திறந்தவன், சட்டென்று நிறுத்தினான். பேச்சிராஜாவின் வேட்டியில் இளஞ்சூடாகப் பரவியது.

"போயிட்டான்!" என்று அவர் கத்தின கத்தலில் டாக்டர் உள்ளே ஓடிவந்துவிட்டார். "போயிட்டான் டாக்டரம்மா! ஏட்டி மாரிசெல்வி, போயிட்டான்ட்டி!"

"என்ன சொல்லுதீங்க!" என்று வெளியே நின்ற மாரிசெல்வி தலையில் அடித்துக்கொண்டு வந்தாள். பிறகு அவர் வேட்டியைப் பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒன்றை நெடுநேரம் செய்தாள். எழுந்ததும் முதல் காரியமாகப் புருசன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "சொல்லுற சொல்லைப் பாத்துச் சொல்லணும்."

பிள்ளை தெளிந்து வீட்டுக்குப் போனபோது, ஈரம் காய்ந்த அந்த வேட்டியோடுதான் பேச்சிராஜா பஸ் ஏறினார். பக்கத்தில் உட்கார யாரும் வரவில்லை. அவர் அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை.

மறுநாள் டிரம்மைக் கவிழ்த்துத் தேய்த்தார். மூடி போட்டார், அடியில் ஒரு குழாய் வைத்தார். பழைய வெங்காய வலையில் சோப்பைப் போட்டுக் குழாயோடு கட்டித் தொங்கவிட்டார். பிள்ளைகள் கழிய முற்றம் இல்லை, கக்கூஸ்தான் என்று சொல்லிவிட்டார். மக்கை மாரிசெல்வி அடுப்பில் போட்டு எரித்தாள், ஊரே நாறியது.

தொழிலை மட்டும் என்ன செய்வது என்று தெரியவில்லை. தொக்கம் பொய் என்று சொல்லிப் பார்த்தார். சனங்கள் நம்பவில்லை. பெற்ற பிள்ளைக்கே எடுக்க முடியாமல் போனதில் மனசு உடைந்துவிட்டது, பாவம் என்றார்கள். ஒரு குடும்பம், "அப்போ குழலையாவது குடுங்க, எங்க ஊர்ல ஒருத்தர் இருக்கார்" என்று கேட்டது. அப்போதுதான் பேச்சிராஜாவுக்குத் தான் கடையைச் சாத்தினால் சனங்கள் போகப் போவது ஆஸ்பத்திரிக்கு இல்லை, அடுத்த குழல்காரனிடம்தான் என்று புரிந்தது. குழலைப் பரணில் போட்டார். கடையைச் சாத்தவில்லை.

அடுத்து வந்தவள் வள்ளிமயில். கயத்தாற்றுப் பக்கம். கைப்பிள்ளைக்குக் காலையிலிருந்து பேதி.

"எடுக்கேன். ஆனா பிள்ள ஒண்ணுக்குப் போனாத்தான் தொக்கம் அசையும்" என்றார் பேச்சிராஜா ரொம்பக் கறாராக. "இந்தா, இந்தப் பொடித் தண்ணியைக் கரண்டி கரண்டியாக் குடு. நடுவுல நீ பாலும் குடு. முதல்ல சோப்புப் போட்டுக் கையைக் கழுவு. கழுவாத கைக்குத் தொக்கம் வராது."

பொடிப் பொட்டலம் ஜெயப்பிரியா கொடுத்தது. கொடுக்கும்போது, "இன்னும் தொக்கம்னுதான் சொல்லுவீங்களா?" என்று முறைத்தாள். "நீங்க உண்மையைச் சொல்லிப் பாத்தீங்க, நானும் சொல்லிப் பாத்தேன். எவ குடிச்சா?" என்றார். பிள்ளை ரத்தமாகப் போனாலோ, துவண்டு கிடந்தாலோ, குடிக்காவிட்டாலோ ஒரு நிமிசம்கூட முற்றத்தில் வைத்திருக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரி என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அவள் ஸ்கூட்டியை எடுத்தாள்.

வள்ளிமயிலின் பிள்ளை குடித்தது, சிணுங்கியது, மறுபடியும் குடித்தது. வெயில் ஏறிய பிறகு அவள் மடியை நனைத்தது.

"போயிட்டு அண்ணாச்சி! இனி தொக்கத்தை எடுங்க."

பேச்சிராஜா பிள்ளையின் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தார். "அதுவும் ஒண்ணுக்கோட சேந்து போயிட்டு" என்றார்.

அவளுக்கு அவ்வளவாகத் திருப்தி இல்லை. தட்டில் ஏதாவது விழுந்திருந்தால் ஊரில் போய்ச் சொல்ல நன்றாக இருந்திருக்கும். பொட்டலங்களை இடுப்பில் செருகிக்கொண்டு, நர்ஸம்மாவைப் பார்த்துப் பேதிக்குத் துத்தநாக மாத்திரை வாங்கிக்கொள் என்று அவர் சொன்னதற்கும் தலையை ஆட்டிவிட்டு, வாசல் வரை போனாள். அங்கே நின்று திரும்பினாள்.

"தண்ணி காட்டலாமா அண்ணாச்சி? தண்ணி கேட்டு அழுதா என்ன செய்ய?"

அதே இடம். அதே கேள்வி.

"அழ விடாத தாயி" என்றார் பேச்சிராஜா. "அழுறதுக்கு முன்னாலயே குடு."

அவள் போய்விட்டாள். மாரிசெல்வி சாப்பிடக் கூப்பிட்டாள். பேச்சிராஜா போகாமல், நாகலாபுரத்துப் பக்கமிருந்து பஸ் வந்து நின்று, இறங்க வேண்டியவர்கள் எல்லாரும் இறங்குகிற வரைக்கும் வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அந்தப் பச்சைச் சேலைக்காரியிடம் எந்த ஊர் என்றாவது அன்றைக்கு அவர் கேட்டிருக்கலாம்.